இரண்டாம் செவ்வாய்

பணகுடி சப்-ஸ்டேஷனுக்குப் படம் எடுக்க வந்தவர்கள்
என்னைத் தேடி வரவில்லை. என் ரிஜிஸ்டரைத் தேடி வந்தார்கள்.
நீல அட்டை, கரையான் தின்ற மூலை,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்:
மின்தடைப் பதிவேடு.

ஆல்டர் வேன் என்று ஒருத்தனாம்.
கையில் பிடிக்க முடியாத காசு ஒன்றைச் செய்தவனாம்.
("வேன்னா என்னவே, டாடா மேஜிக்கா?"
டீக்கடையில் கேட்டார்கள்.)
இருபத்திரண்டு மாதம் உலகத்துக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு
ஒரு நாள் நிறுத்திக்கொண்டான்.
முகம் கிடையாது. குரல் கிடையாது.
ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது:
மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை
அவன் பேசியதே இல்லை.

தேவ்யானி, டைரக்டர், பம்பாய்க்காரி,
பூகோளம் முழுக்கத் தேடிவிட்டு
கடைசியில் என் கையெழுத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.
அதே செவ்வாய். அதே மணி.
'கிளைகள் வெட்டப்பட்டன. இன்சுலேட்டர் துடைக்கப்பட்டது.
ஒப்பம், சேர்மதுரை.'
வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.
காற்றாலை இரைச்சல் விழுகிறது என்று
சவுண்டுக்காரப் பையன் மூன்று தரம் மறுபடி கேட்டான்.
மூன்று தரமும் ஒரே பொய்யைத்
தெளிவாகச் சொன்னேன்.

கேமராவுக்குச் சொல்லாதது இது:
அந்த இருபத்திரண்டில் ஏழு செவ்வாய்
நான் லைனை அணைக்கவே இல்லை.
ஆள் கிடையாது. இருந்த ஒரு ஏணியும் வள்ளியூர் போயிருந்தது.
பேப்பரில் அறிவிப்பு வந்தாயிற்று,
வேலை நடந்ததாக எழுதிவைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.
எட்வின் கனகராஜின் கம்ப்யூட்டர் சென்டரில்
பையன்கள் கார் ஓட்டிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எட்வினைத்தான் படம் கைகாட்டியது.
நாற்கரச் சாலையில் லாரி அடித்துச் செத்தவன்,
வந்து மறுக்க மாட்டான்.
கோடி கோடியாக எங்கோ பூட்டிக் கிடக்கிறதாம் அவனுக்கு.
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் பாக்கிக்கு
மூன்று தடவை அவன் ஃப்யூஸைப் பிடுங்கியவன் நான்.
அவன் அக்கா ரோஸ்லின் கனி
பாதிக் கதவுக்குப் பின்னாலிருந்து
"மைக்கை எடுங்க மொதல்ல" என்றாள்.
படத்தில் அதற்கு வயலின் போட்டிருந்தார்கள்.

ஷூட்டிங் இடைவேளையில் தேவ்யானி விளக்கினாள்:
அந்தக் காசின் பேரேட்டில்
எழுதிய வரியை ஒருத்தரும் திருத்த முடியாது,
ஆயிரம் பேர் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி ஏறும்.
நான் தலையாட்டினேன்.
என் ஏட்டுக்கு நான் ஒருத்தன் போதும்,
ஒரு ரீஃபில் போதும்.

படம் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை.
கரண்ட் இருந்த அந்த ஏழு செவ்வாயும்
அவன் பேசவில்லையே?

அப்படியானால் அவனை நிறுத்தியது இருட்டு இல்லை.
பேப்பரின் எட்டாம் பக்கம். நாலு வரி.
எவனையும் நம்ப வேண்டாம் என்று
ஒரு காசையே செய்தவன்
என்னை நம்பியிருக்கிறான்.
ஒன்பது அடிக்கும் முன்னே மெஷினை அணைத்துவிட்டு
வேறு ஜோலிக்குப் போயிருக்கிறான்.
சுவிட்சை நிறுத்தாமல் போயிருந்தால்
ஆளில்லாத அறையில்
ஃபேன் சுற்றியிருக்கும்.

இப்போது ரிட்டையராகி இரண்டு வருஷம்.
இரண்டாம் செவ்வாய் வந்தால்
எட்டரைக்கே கேட்டில் வந்து நின்றுகொள்கிறேன்.
பல பேர் கரண்ட் போன பிறகுதான்
மிக்சியைத் திட்டிக்கொண்டு வெளியே வருவார்கள்.
போன மாதம்,
ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில்,
எதிர் மாடியில் டியூஷன் எடுக்கும் ஆவுடைத்தங்கம்
கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு
குடையும் பையுமாக இறங்கினாள்.
"இவ்வளவு சீக்கிரமா எங்கே?" என்றேன்.
"கரண்ட் போயிரும்லா அண்ணாச்சி,
பேப்பர்ல போட்டிருந்தாவளே."

சரி என்றேன்.
அவள் வெயிலில் திரும்பி மறைந்தாள்.
அன்றைக்குக் கரண்ட் போகவில்லை.